ஆறு வயது மகளை அழகுப் போட்டியில் விடலாமா?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய் கேட்கிறார். மகளுக்கு 6 வயது, தரம் 1 படிக்கிறாள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடக்கவிருக்கும் சிறுமிகளுக்கான அழகுப் போட்டிக்கு அவளைத் ‘தெரிவு செய்திருப்பதாக’ ஏற்பாட்டாளர்களிடமிருந்து வட்ஸ்அப் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 15,000 ரூபா. மாமிக்குத் துளியும் விருப்பமில்லை, ‘எங்கட கலாசாரத்தில இல்லாத வேலை’ என்கிறார். கணவரோ, ‘பிள்ளைக்குக் கூச்சம் போகும், விடுவம்’ என்கிறார். இதில் நன்மை என்ன, தீமை என்ன?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிக்கு, இந்த வயதில், விடவேண்டாம். ஆனால் மாமி சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதில்லை, கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் கொழும்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் பழக்குகிறவள். முன்பல் விழுந்த பிள்ளையின் முகத்தில் பான்கேக் பூசி, கண்ணுக்கு மை இழுத்து, உதட்டில் சிவப்புத் தீட்டி மேடையேற்றுவது என் தொழிலின் ஒரு பகுதி. ஆகவே மேக்கப் போட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மேடை ஒரு பிள்ளைக்கு எதைக் கொடுக்கும், எந்த இடத்தில் எதைப் பறிக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

அந்த ‘தெரிவு’ பற்றி முதலில் கேளுங்கள். எத்தனை பேரிலிருந்து தெரிவு செய்தார்கள்? எதை வைத்து? முகநூலில் நீங்கள் போட்ட பிறந்தநாள் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால், அதே தகவல் இன்னும் நூறு தாய்மாருக்குப் போயிருக்கும். பெரியவர்களின் அழகுப் போட்டியில் காசு பெரும்பாலும் அனுசரணையாளரிடமிருந்தும் தொலைக்காட்சியிடமிருந்தும் வரும். சின்னப் பிள்ளைகளின் போட்டியில் வாடிக்கையாளர் நீங்கள்தான். 15,000 ரூபா வாசற்படி மட்டுமே. அதன் பிறகு கவுண், சலூன், ஒத்திகைக்குப் போய்வர ஓட்டோ, போட்டோ பிடிப்பு, அம்மம்மா, சித்தி எல்லோருக்கும் டிக்கெட், ‘மக்கள் விருப்பம்’ பட்டத்துக்கு வாக்குச் சேர்ப்பு என்று வரிசையாக வரும். பட்டங்கள் ஏன் அத்தனை என்று யோசித்திருக்கிறீர்களா? சிறந்த சிரிப்பு, சிறந்த கூந்தல், சிறந்த நடை, படத்துக்கு ஏற்ற முகம். எல்லாப் பிள்ளையும் ஏதோ ஒன்றோடு வீட்டுக்குப் போனால்தான் அடுத்த வருடமும் வருவார்கள். பிள்ளை அழாமல் வீடு திரும்புவது நல்லதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘என் மகள் வென்றாள்’ என்பதற்கும் ‘என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது’ என்பதற்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு காசைக் கட்டுங்கள். பட்டம் வென்ற பிள்ளைக்கு அடுத்ததாக ‘சர்வதேச’ சுற்று ஒன்றும் வரக்கூடும். விமானச் சீட்டும் தங்குமிடமும் யார் செலவு என்பதை அந்தக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் தேடிப் பாருங்கள்.

இனி மாமியின் வாதம். கலாசாரம் என்ற பேச்சை எங்கள் ஆட்கள் எடுக்கும்போது எனக்குச் சாமத்திய வீடுதான் ஞாபகம் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. விடியப்புறம் நாலு மணிக்கு அலங்காரம் செய்பவர் வந்துவிடுவார். மூன்று சாறி மாற்றவேண்டும், தலைக்கு இரண்டு கிலோ சோடனை. மண்டபத்துக்குள் பல்லக்கில் வருவாள், மேலே ட்ரோன் கமரா சுற்றும். பிள்ளைக்கு உடம்பில் நடந்த ஒரு மாற்றத்தை ஊருக்கே அறிவிக்கும் விழா அது. வீடியோ அடுத்த வாரம் யூடியூப்பில், பின்னணிப் பாட்டோடு. அந்தப் பிள்ளையிடம் ‘உனக்கு இது விருப்பமா’ என்று எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? இதைச் செய்துகொண்டு, ஹோட்டலில் நடப்பது மட்டும் வெள்ளைக்காரன் பழக்கம் என்றால் எப்படி? சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் அவுருது குமாரி, அதாவது புத்தாண்டு அழகி, தெரிவு வருடாவருடம் நடக்கிறது. பல இடங்களில் குட்டிக் குமாரனும் குட்டிக் குமாரியும்கூட உண்டு. முன்பள்ளியில் வினோத உடைப் போட்டி, வாசிகசாலை விழாவில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி என்று எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே போட்டிக்குள் வந்துவிடுகிறார்கள். மாமியிடம் பேசும்போது கலாசாரத்தைத் தொடாமல் பேசுவது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

அந்தக் குழந்தைப் போட்டிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1855இல் நியூயோர்க்கில் பி. டி. பார்னம் என்ற வேடிக்கைக் காட்சி முதலாளி, தன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் சேர்ப்பதற்காகக் குழந்தைகளை வரிசையில் வைத்துப் பரிசு கொடுத்தார். 1908இல் லூசியானாவிலும் 1911இல் அயோவாவிலும் விவசாயக் கண்காட்சிகளில் ‘சிறந்த குழந்தை’ போட்டிகள் தொடங்கின. ஆடுமாட்டுக்குப் புள்ளியிடும் அதே கண்காட்சியில், அதே மாதிரியான புள்ளி அட்டையோடு, குழந்தையின் தலைச் சுற்றளவையும் நிறையையும் அளந்து மதிப்பெண் போட்டார்கள். குழந்தை நலம் பேணுவது என்றுதான் அது ஆரம்பித்தது. கொஞ்ச வருடத்தில் நல்ல இனம், தாழ்ந்த இனம் என்று மனிதரைப் பிரிக்கும் இனமேம்பாட்டுக்காரர்களின் கைக்குள் போய்விட்டது. ஒரு பிள்ளையின் உடம்புக்குப் புள்ளி போட ஆரம்பித்தால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் யாருடைய ‘சரியான உடம்பு’ இருக்கிறது என்ற கேள்வி வந்தே தீரும். எங்களூரில் அந்தக் கேள்விக்கு விடை நிறம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நன்மைகளைச் சுருக்கிச் சொல்லக்கூடாது, உண்மையிலேயே இருக்கின்றன. மேடையில் நின்று, வெளிச்சம் கண்ணில் அடிக்க, முன்னால் முகம் தெரியாத கூட்டத்தைப் பார்த்து, ‘என் பெயர் இது, எனக்குப் பிடித்தது இது’ என்று சொல்லிவிட்டு வருவது ஆறு வயதுக்குப் பெரிய காரியம். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு அது இன்னும் கொஞ்சம் பெரியது. வீட்டில் தமிழ், ஸ்கூல் வானில் சிங்களம், மேடையில் ஆங்கிலம். சிங்களப் பிள்ளைகளோடும் முஸ்லிம் பிள்ளைகளோடும் ஒரே அறையில் உடை மாற்றி, ஹெயார் கிளிப் கடன் வாங்கி, சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். சோடித்துக்கொள்வது பிள்ளைக்கு விளையாட்டு. அம்மாவின் சாறியைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன் நிற்காத சிறுமி யார்? வேலைக்குப் போகும் தாய்க்கு மகளோடு சேர்ந்து ஒரு விசயத்துக்காக ஓடுவதும் சந்தோசம்தான்.

அழகுப் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் மூளையில்லாதவர்கள் என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். 1980களில் உலகத் திருமதி அழகியாகத் தெரிவான ரோசி சேனாநாயக்க பிறகு அரசியலுக்கு வந்து, 2018இல் கொழும்பு மாநகரத்தின் முதலாவது பெண் மேயரானார். ஆனால் அவர் மேடையேறியபோது வளர்ந்த பெண், திருமணமானவர், தானே முடிவெடுத்துப் போனவர். உங்கள் மகளுக்காக முடிவெடுப்பது நீங்கள்.

இப்போது எனக்குப் பிரச்சினையாகத் தெரியும் இடம். கொழும்பு 13 பக்கம் ஒரு நிகழ்ச்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். வினோத உடை என்று நினைத்துத்தான் போனேன். கையில் தந்த புள்ளித்தாளில் ஐந்து கட்டங்கள்: உடை, நடை, பேச்சு, தன்னம்பிக்கை, முக அழகு. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. முதலாவதாக வந்த பிள்ளைக்கு நாலு வயது இருக்கும். காய்கறி விற்கும் ஆச்சியாக வேசம் போட்டு, இடுப்பில் கடகத்தோடு வந்து, ‘கீரை வேணுமோ, கீரை’ என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கூவிவிட்டு, கடகத்தைக் கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சனம் கைதட்டி ஓயவில்லை. முதல் நான்கு கட்டத்துக்கும் யோசிக்காமல் புள்ளி போட்டேன். ஐந்தாவது கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் மூக்குக்கு எத்தனை? நிறத்துக்கு எத்தனை? பக்கத்தில் இருந்த நடுவர் ஆறு என்று போட்டிருந்தார். அதே நடுவர் அடுத்து வந்த வெளுத்த நிறப் பிள்ளைக்கு ஒன்பது போட்டார், அந்தப் பிள்ளை வாய் திறக்கவே இல்லை. நான் அந்தக் கட்டத்தை எல்லாப் பிள்ளைக்கும் குறுக்கே வெட்டிவிட்டுத் தாளைக் கொடுத்தேன். ஏற்பாட்டாளருக்குக் கோபம், பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

நான் சொல்லவருவது அந்த ஐந்தாவது கட்டத்தைப் பற்றித்தான். அடவு பிசகினால் நான் ‘திரும்பச் செய்’ என்கிறேன். பிள்ளை திரும்பச் செய்கிறது, அடுத்த மாதம் சரிவருகிறது. வட இலங்கை சங்கீத சபையின் நடனப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் பரீட்சகர் தாளம் கேட்பார், முத்திரை கேட்பார், அபிநயம் பார்ப்பார். புள்ளி குறைந்தால் எதைப் பழகவேண்டும் என்பது பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்துக்கு ஆறு புள்ளி வாங்கிய பிள்ளையிடம் வீட்டுக்குப் போய் எதைப் பழகச் சொல்வீர்கள்?

1998இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கிளவுடியா மியூலரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் உதவும். தரம் 5 பிள்ளைகளுக்கு ஒரு புதிர் கொடுத்து, முடித்ததும் ஒரு பகுதியினரை ‘நீ கெட்டிக்காரி’ என்றும், இன்னொரு பகுதியினரை ‘நல்லா முயற்சி செய்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிரில் எல்லோரும் தடுமாறினார்கள். கெட்டிக்காரி என்று பாராட்டு வாங்கியவர்கள் அதன்பிறகு சோர்ந்துபோய் முன்னையதைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். மூளையைப் புகழ்ந்தாலே இப்படி என்றால், மாற்றவே முடியாத முகத்தைப் புகழ்ந்து கிரீடம் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த ஆய்வு அழகைப் பற்றியது இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் பாதை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

‘ஆறு வயதுக்கு இதெல்லாம் விளங்காதே’ என்று கணவர் கேட்கலாம். பாதி சரி. ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைகள் தங்களை மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தரம் பார்ப்பது குறைவு. எல்லாருமே தாங்கள்தான் முதல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது இயற்கை தந்த வரம். ஆனால் அந்த வயதுப் பிள்ளை நடுவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும். என் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சியிலேயே முன்வரிசையில் தாய்மார் உட்கார்ந்துகொண்டு முத்திரை பிடிப்பார்கள். பிள்ளையின் கண் சபைக்குப் போகாது, அம்மாவின் கையிலேயே நிற்கும். அதனால் நான் தாய்மாரை ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் அனுப்புவேன். திட்டு வாங்கினாலும் அனுப்புவேன். அழகுப் போட்டியில் அந்தத் தாய் ‘சிரி, சிரி’ என்று வாயைக் காட்டிக்கொண்டிருப்பார், பறக்கும் முத்தம் கொடுக்கச் சொல்லிச் சைகை செய்வார். முடிவு அறிவிக்கும்போது அந்தத் தாயின் முகம் ஒரு நொடி விழுந்தால் பிள்ளைக்கு அதுதான் புள்ளி. ஒன்பது வயதில் ஒப்பிடப் பழகும்போது அந்த நொடி முதலிலேயே உள்ளே இருக்கும்.

பெற்றோரின் ஆசை பிள்ளையின் தலையில் ஏறுவது அழகுப் போட்டிக்கு மட்டும் உரியது இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாங்கள் பிள்ளைகளைப் படுத்தும் பாட்டைவிடக் கொடுமை உண்டா? 2023இல் ஜீ தமிழின் லிட்டில் சாம்ப்ஸ் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி வென்றபோது எல்லோரும் சந்தோசப்பட்டோம், நானும்தான். அடுத்த நாளே என் மாணவி ஒருத்தியின் தாய், ‘எந்த வயதில இருந்து இதுக்குத் தயார்ப்படுத்தோணும்?’ என்று கேட்டார். ஆனாலும் பாட்டில் பிள்ளை கொண்டுபோவது ஒரு வேலையை. தோற்றாலும் அந்தக் குரலும் பழகிய பாட்டும் கையில் இருக்கும்.

இந்த விசயம் எல்லை தாண்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1960களிலிருந்து சிறுமிகளின் போட்டி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1996 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலேயே கொல்லப்பட்டாள். கொலையாளி யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை, அந்தப் போட்டிகளுக்கும் கொலைக்கும் தொடர்பு இருந்ததாகவும் நிரூபணம் இல்லை. ஆனால் அவள் மேடையில் பெரிய பெண்ணைப் போல் அலங்காரத்தோடு ஆடிய வீடியோக்களைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டபோதுதான் இப்படியொரு உலகம் இருப்பது வெளியே பலருக்குத் தெரிந்தது. 2009இல் டிஎல்சி தொலைக்காட்சி ‘டொட்லர்ஸ் அண்ட் டியாராஸ்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. விழுந்த பல்லை மறைக்கப் பொய்ப்பல், தோலுக்குப் பழுப்பு நிற ஸ்ப்ரே, ஒட்டுமுடி, ஒட்டு இமை. ஒரு ஹொலிவூட் படத்தில் பாலியல் தொழிலாளியாக வரும் பாத்திரத்தின் உடுப்பில் மூன்று வயதுக் குழந்தை மேடைக்கு வந்ததும், ஒரு தாய் மகள் சோராமல் இருக்க எனர்ஜி ட்ரிங்கும் சோடாவும் கலந்து கொடுத்ததும் அந்த நிகழ்ச்சியில் வந்தவைதான். கொழும்பில் அந்த அளவுக்குப் போகவில்லை. போகாமல் தடுப்பது எங்கள் வெட்கம் மட்டும்தான் என்பதுதான் எனக்கு நெருடல்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சிலர் கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால், அழகுப் போட்டியை நேரடியாக ஆராய்ந்தவை அதிகமில்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2005ஆம் ஆண்டு ஆய்வில் மொத்தம் 22 பெண்கள்தான். சிறுவயதில் போட்டிக்குப் போனவர்கள் 11, போகாதவர்கள் 11. போனவர்களிடம் தங்கள் உடம்பின் மீது அதிருப்தியும் பிறர் மீது நம்பிக்கைக் குறைவும் கூடுதலாக இருந்தன. மனச்சோர்விலும் சுயமதிப்பிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதை வைத்துக்கொண்டு ‘போட்டிக்குப் போனால் மனநோய் வரும்’ என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். 2007இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு வெளியிட்ட அறிக்கை இன்னும் அகலமானது. சிறுமிகளைப் பாலியல் கண்ணோட்டத்தில் காட்டும் விளம்பரம், உடுப்பு, பொம்மை, ஊடகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, உடம்பைப் பற்றிய வெட்கம், உணவுக் கோளாறு, தாழ்ந்த சுயமதிப்பு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றது.

பிரான்ஸ் சட்டமே போட்டது. 2013 செப்டெம்பரில் செனட் சபை, 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுப் போட்டி நடத்தினால் இரண்டு வருடச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் என்று 196க்கு 146 வாக்குகளால் நிறைவேற்றியது. கீழ்ச் சபையோடு இழுபட்டு, 2014 ஓகஸ்ட்டில் வந்த இறுதிச் சட்டம் கொஞ்சம் தணிந்தது. 13 வயதுக்குக் கீழே தடை, அதற்கு மேல் 16 வரை கட்டுப்பாடுகளோடு. எனக்கு அந்த 13 பிடித்திருக்கிறது. ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்லக்கூடிய வயது கிட்டத்தட்ட அதுதான்.

நிறம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் முதல் கேள்வி ஆணா பெண்ணா, இரண்டாவது கேள்வி நிறம். ‘கறுவல் எண்டாலும் களையான முகம்’ என்று அந்த ‘எண்டாலும்’ஐப் போட்டுத்தான் புகழ்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் முக அழகுக்குப் புள்ளி என்றால் நிறத்துக்குப் புள்ளி என்றுதான் அர்த்தம், நடுவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது யாரோ ஒரு சித்தி கிரீம் ஒன்றைக் கொண்டுவந்து தருவார். தயவுசெய்து பிள்ளையின் தோலில் பூசவேண்டாம். பெட்டியில் உற்பத்தியாளரின் முகவரி இல்லாத வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம் இருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்ட விசயம். இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள இத்தகைய கிரீம்களை 2020ஓடு நிறுத்தச் சொன்னது. ஆனாலும் சந்தையில் அவை ஓய்ந்தபாடில்லை. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது படம். என் கணக்கில் பெரிய ஆபத்து கிரீடமோ கவுணோ இல்லை, இதுதான். போட்டி ஒரு மாலையில் முடிந்துவிடும், படங்கள் முடியாது. பதிவுப் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில், எல்லாப் படமும் வீடியோவும் ஏற்பாட்டாளரின் உரிமை, எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாக்குச் சேர்க்கும் போட்டி என்றால் நீங்களே மகளின் படத்தைப் பெயரோடும் பாடசாலையோடும் ஊர்முழுக்கப் பகிரவேண்டிவரும். முன்பெல்லாம் யாராவது ஒருவன் படத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வான் என்று பயந்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. சாதாரணக் குழந்தைப் படங்களிலிருந்து ஆபாசப் படங்கள் உருவாக்கப்படுவதைப் பிரித்தானியாவின் இன்டர்நெட் வொட்ச் ஃபவுண்டேஷன் 2023இலேயே அறிக்கையாகச் சொல்லிவிட்டது. சாமத்திய வீட்டு வீடியோவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், மாமிக்கும் சொல்லுங்கள்.

விதிகளைப் பற்றியும் ஒன்று. 2021 ஏப்ரலில் நெலும் பொக்குண அரங்கில், தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருக்கும்போதே, திருமதி ஸ்ரீலங்கா போட்டியில் வென்றவரின் தலையிலிருந்து கிரீடத்தை முந்தைய வெற்றியாளர் கழற்றி இன்னொருவருக்கு வைத்தார். வென்றவர் விவாகரத்தானவர் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு கிரீடம் திரும்பி வந்தது, ஆனால் அதற்குள் தலையில் காயம், பொலிஸ் முறைப்பாடு, உலகச் செய்தி. வளர்ந்தவர்களின் தேசியப் போட்டியே மேடையில் அப்படிப் போனது. ஹோட்டல் மண்டபத்தில் தனியார் ஒருவர் நடத்தும் பிள்ளைகள் போட்டியில் முடிவு சரியில்லை என்று நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கணவரின் கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் அதுதான் உண்மையான கவலை. பிள்ளைக்குக் கூச்சம். கூச்சம் போக்க வழி கொழும்பில் தாராளமாக இருக்கிறது, பல இடங்களில் காசும் குறைவு. பாடசாலையில் தமிழ் மொழித் தினப் போட்டிகள் வரும். பாவோதல், பேச்சு, வாசிப்பு என்று கீழ் வகுப்புக்கும் பிரிவுகள் உண்டு, கோட்டம், வலயம் என்று மேலே போகலாம். வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போய்ச் சபையில் உட்காரவாவது பழக்குங்கள். ஆங்கிலத்தில் விருப்பம் என்றால் ஸ்பீச் அண்ட் டிராமா வகுப்புகள். விஜயதசமிக்கு நடனமோ பாட்டோ தொடங்கலாம். நான் என் கடைக்கு ஆள் சேர்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம், மிருதங்கமும் நல்லதுதான். சோடிக்க ஆசைப்படுகிறாளா? வினோத உடைப் போட்டி இருக்கிறது. அங்கே அவள் கீரைக்கார ஆச்சியாகலாம், ஔவையாராகலாம், டொக்டராகலாம், மீனாகக்கூட வரலாம். யாராகவோ நடிக்கிறாள், அந்த நடிப்புக்குப் புள்ளி.

கூச்சமுள்ள பிள்ளையைக் கூச்சம் போக்குவதற்காகவே பெரிய மேடையில் தள்ளுவது சில பிள்ளைக்குத்தான் வேலை செய்யும். மற்றப் பிள்ளைக்கு அது இரண்டு வருடத்துக்கு மேடை என்றாலே வயிற்றுவலி. முதலில் வீட்டு விறாந்தை, பிறகு வகுப்பறை, பிறகு காலைக்கூட்டம், அதற்குப் பிறகுதான் மண்டபம்.

நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தாலோ, நான் சொன்னதை எல்லாம் கேட்டும் விடத்தான் போகிறீர்கள் என்றாலோ, ஏற்பாட்டாளரிடம் போன் எடுத்துப் புள்ளித்தாளை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். முகத்துக்கும் உடலுக்கும் தனிக் கட்டம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நீச்சல் உடை, பெரியவர்களின் பாணி உடை எதுவும் உண்டா, உடை மாற்றும் அறைக்குள் தாயைத் தவிர யார் வருவார்கள், ஆண் போட்டோகிராபர் உள்ளே நிற்பாரா, நிகழ்ச்சி இரவு எத்தனை மணிக்கு முடியும், படங்கள் எங்கே போகும் என்று கேளுங்கள். பதில் வாயால் வேண்டாம், எழுத்தில் வேண்டும். மேக்கப் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், சலூன்காரி முடிவு செய்யக்கூடாது. ஒட்டு இமைப் பசை சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு ஆகாது, நாங்கள் மேடைக்கே போடுவதில்லை. பொதுவாக்கு உள்ள பிரிவிலிருந்து மகளின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் ஒரு நாள் ‘போகமாட்டேன்’ என்று அவள் அழுதால் அன்றோடு விட்டுவிடுங்கள், 15,000 போனால் போகட்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் விசயத்தில் பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. ஆறு வயதின் கருத்து பெரும்பாலும் அழுகையாகத்தான் வரும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டதும் அவர்கள் இழுத்தால், அல்லது ‘மற்ற அம்மாமார் ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லையே’ என்றால், பதிவை இரத்துச் செய்து காசைத் திருப்பித் தரும்படி வட்ஸ்அப்பிலேயே எழுதி, அந்தத் தகவலை அழிக்காமல் வைத்திருங்கள். மகளின் படம் உங்கள் அனுமதியில்லாமல் எங்காவது தவறாகப் பயன்படுகிறது என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்.